கையெழுத்து மாறிய பிள்ளை: வில்சன் நோய் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் பாடசாலையில் கட்டுரைக் கொப்பிகளைத் தவணை முடிந்ததும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுப்பதில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீட்டைப் பார்க்க யாரும் வந்தால் காட்டுவதற்கென்று அலுமாரியில் அடுக்கி வைத்துவிடுவோம். கறையான் தின்றது போக மிஞ்சியவை வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அப்படிக் கிடந்த ஐந்து கொப்பிகள் ஒரு பிள்ளையின் நோயைக் கண்டுபிடிக்க உதவின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உதவின என்று எழுதும்போதே கூசுகிறது. நோய் அந்தக் கொப்பிகளில் பக்கம் பக்கமாகக் கிடந்தது. அதை முதலில் பார்த்தவள் நான். பார்த்துவிட்டுச் சிவப்பு மையால் திருத்தியவளும் நான்தான்.

பிள்ளையின் பெயர் வேண்டாம். கிழக்குக் கரையோரத்து ஊர் ஒன்று. வாப்பா கட்டாரில், உம்மாவும் மூன்று பிள்ளைகளும் வீட்டில். மூவரில் நடுவிலுள்ளவள் இவள். தரம் 7இல் என் வகுப்புக்கு வந்தபோது சுவர்ப்பத்திரிகை முழுவதையும் இவளைக் கொண்டுதான் எழுதுவித்தேன். அவ்வளவு நல்ல எழுத்து. ‘ழ’வின் வாலை இழுத்து வளைப்பதில் ஒரு நிதானம் இருக்கும். முதல் இரண்டு கொப்பிகளும் அப்படித்தான். மூன்றாவதில் எழுத்து சிறுக்கத் தொடங்குகிறது. வரி ஆரம்பிக்கும்போது வழமையான பருமன். வரி முடிகிற இடத்தில் எறும்பு ஊர்ந்தது மாதிரி. நான்காவதில் எழுத்துக்கள் கோட்டைவிட்டுக் கீழே இறங்குகின்றன, சுழிகள் எல்லாம் முறிந்து கோணலாகின்றன. ஐந்தாவதில், ஒரு பக்கம் எழுதவேண்டிய கட்டுரைக்கு ஆறு வரிகள் மட்டுமே இருக்கின்றன.

நான் எழுதிய குறிப்புகளும் அங்கே இருக்கின்றன, திகதியோடு. ‘எழுத்தில் கவனம் தேவை.’ ‘அவசரம் கூடாது.’ ‘ஏன் இந்த அசட்டை?’ கடைசிக் குறிப்பின் கீழ் பெற்றாரின் கையொப்பமும் கேட்டிருந்தேன்.

நான் மட்டுமல்ல. பிள்ளையின் பேச்சு குழறுவதை முதலில் கண்டவர் குர்ஆன் மத்ரசாவின் மௌலவி. அரபு எழுத்துக்கள் ஒவ்வொன்றும் வாயில் எங்கிருந்து பிறக்கவேண்டும் என்ற மக்ரஜ் விடயத்தில் அவர் கடுமையானவர். நன்றாக ஓதிக்கொண்டிருந்த பிள்ளை ‘ற’வையும் ‘ழாத்’தையும் ஒன்றாகக் குழப்புகிறாள் என்று கண்டித்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால், நாக்கின் அசைவு சிறிது பிசகினாலும் கண்டுபிடிக்கக்கூடிய காது எங்கள் ஊர்களில் தஜ்வீத் படிப்பிப்பவர்களுக்குத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கும் அது சோம்பலாகவே பட்டது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியையோ, ஏசும்போது இந்தப் பிள்ளை தன்னைப் பார்த்து இளிக்கிறாள் என்று பெற்றாரை அழைத்திருக்கிறார். முகத்தசைகள் இறுகி வாய் தானாகவே சிரித்த கோலத்தில் நின்றுவிடுவது இந்நோயின் அறியப்பட்ட அடையாளங்களுள் ஒன்று என்பது எங்களில் எவருக்கும் அப்போது தெரியாது.

உம்மா அலைந்த அலைச்சல் ஏறத்தாழ 14 மாதம். முதலில் பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. கை நடுங்குகிறது என்று சொன்னார், விற்றமின் சிரப் கிடைத்தது. பிறகு ஒரு விசேட வைத்திய நிபுணரைச் செனல் பண்ணினார். இரவு 11 மணிக்கு நம்பர் வந்தது, உள்ளே இருந்தது இரண்டு நிமிடம். “வயசுக்கு வாற காலத்துல இப்படித்தான்” என்றார். இன்னொருவர், தொண்டைக் கிருமியால் வரும் வாதக் காய்ச்சலின் பின் பிள்ளைகளுக்குக் கைகால் ஆட்டம் வருவதுண்டே, அதுவாக இருக்கலாம் என்று இரத்தம் சோதித்தார். அது தவறான சந்தேகமென்று சொல்லமாட்டேன், நியாயமான சந்தேகம்தான். சோதனையில் ஒன்றும் இல்லை. அவருக்கு அடுத்தவர் மனவழுத்தம் என்றார். வாப்பா வெளிநாட்டில், பிள்ளை ஏங்குகிறாள் என்று அதற்குக் காரணமும் கிடைத்துவிட்டது. தூக்கத்துக்கும் மனதுக்குமாகக் குளிசைகள் கொடுத்தார்கள். அவற்றைக் குடித்த பிறகு பிள்ளையின் கழுத்தும் கையும் இன்னும் இறுகிப்போயின. மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் இந்நோய் உள்ளவர்களின் உடல் இறுக்கத்தைக் கூட்டிவிடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

இவற்றுக்கிடையே ஊரின் வழமையும் நடந்தது. ராத்தா ஒருவர் கண்ணூறு என்றார். இன்னொருவர், மஃரிபு நேரம் தலைமுடியை விரித்துப்போட்டு மாமரத்தடியில் நின்றாள், ஜின் பார்வை பட்டிருக்கிறது என்றார். ஓதிப் பார்க்கிறவர் வந்தார். அவர் நல்ல மனிதர், காசும் கேட்கவில்லை. செப்புச் செம்பு ஒன்றில் தண்ணீர் ஓதி வைத்து, இரவு முழுக்க அதிலேயே இருக்கட்டும், காலையில் வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுங்கள் என்றார். ஓதுவதை நான் குறைசொல்ல வரவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லாதபோது ஓதாத உம்மா யார்? ஓதியதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறேன். அந்தச் செம்பின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தரம் 8, மூன்றாம் தவணை தொடங்கிய வாரம், உம்மா பாடசாலைக்கு வந்தார். விடுகைப் பத்திரம் கேட்டுத்தான் வந்தார்.

“எல்லா ரெஸ்டும் நோமல் எண்டு சென்னாங்க டீச்சர். புள்ள மட்டும் நோமல் இல்ல. சோத்த வாய்க்கு கொண்டுபோக ஏலாம கிடக்கு. இனி என்னத்துக்கு பள்ளிக்கூடம்?”

“உட்காருங்க தங்கச்சி” என்று சொல்லி, ஒரு தாளை எடுத்து, முதன்முதலில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினேன். வைத்திய அறிவு எதுவும் எனக்கு இல்லை. கட்டுரை எழுதும்போது நிகழ்ச்சிகளைக் கால ஒழுங்கில் வை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பழக்கம்தான். எழுதிக்கொண்டு போகையில்தான் பல சங்கதிகள் வந்தன. 9 வயதில் பிள்ளைக்குச் செங்கமாரி வந்து, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துச் சுகமாகியிருக்கிறது. அடுத்தடுத்த வருடங்களில் அடிக்கடி களைப்பு. பெரிய பிள்ளையாகி இரண்டு தடவைக்குப் பிறகு மாதவிடாய் நின்றுபோயிருந்தது. அதை ஆண் வைத்தியர்களிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டார். பிறகு எழுத்து, பேச்சு, எச்சில் வடிதல், நடுக்கம், காரணமில்லாத கோபம். ஈரலைப் பார்த்தவரிடம் எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அப்போது எழுத்தில் பிழை இல்லை. நடுக்கத்தைப் பார்த்தவரிடம் செங்கமாரியைச் சொல்லவில்லை, அது சுகமாகிப்போன பழைய கதை. இப்படி ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு துண்டைக் கொடுத்திருக்கிறார். முழுவதையும் யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

அந்தத் தாளையும், அலுமாரியிலிருந்து எடுத்த ஐந்து கொப்பிகளையும் கொண்டு அடுத்த கிழமை நானும் அவர்களோடு வேறொரு அரசாங்க வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குப் போனேன். இளவயது வைத்தியர், பெண்பிள்ளை. தாளை இரண்டு தரம் வாசித்தார். கொப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினார். பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார். செங்கமாரி வந்தபோது வயது எத்தனை என்பது ஒன்று. நீங்களும் கணவரும் சொந்தமா என்பது மற்றது. உம்மா, “மாமிட மகன்தான்” என்றார். வைத்தியர் எழுந்து யன்னல் சீலையை இழுத்துவிட்டு, டோர்ச் ஒன்றைப் பிள்ளையின் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். உடனே கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதினார்.

கண் கிளினிக்கில் ஸ்லிட் லாம்ப் என்ற கருவியின் முன் நாடியை வைக்கச் சொல்வார்களே, அதில் பார்த்தபோது இரண்டு கண்களிலும் கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பச்சையும் மண்ணிறமும் கலந்த மெல்லிய வளையம் ஒன்று இருந்தது. செம்பு படிந்த வளையம். எனக்கும் ஒரு தடவை பார்க்கக் கொடுத்தார்கள். பழைய கிடாரத்தின் விளிம்பில் களிம்பு ஏறியிருக்குமே, அதே நிறம்.

நோயின் பெயர் வில்சன் நோய்.

நாம் உண்ணும் உணவில் செம்பு இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் தேவை. சாப்பாட்டில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே வந்துவிடும். குடல் உறிஞ்சிய செம்பு ஈரலுக்குப் போகிறது. தேவையான அளவை ஈரல் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்புகிறது. மிச்சத்தைப் பித்தத்தோடு குடலுக்குள் தள்ளிவிட, அது மலத்தோடு போய்விடும். இந்த இரண்டு வேலைகளையும் செய்யும் பம்பி போன்ற ஒரு புரதம் ஈரலில் உண்டு. அதை ஆக்கும் பரம்பரையலகின் பெயர் ஏரீபி7பி. அது 13ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பரம்பரையலகு இரண்டு பிரதியிலும் பழுதாகிப் பிறக்கும் பிள்ளைக்குச் செம்பு வெளியேற வழியில்லை. தண்ணீர்க் குழாய் திறந்தபடி இருக்க, வீட்டின் கான் மட்டும் அடைபட்டால் என்ன ஆகும்? முதலில் குசினி நிறையும். குசினி என்பது இங்கே ஈரல். செங்கமாரி வந்தது அதனால்தான். பிறகு மற்ற அறைகளுக்குள் தண்ணீர் போகும்: மூளை, கண், சிறுநீரகம். மூளைக்குள்ளும் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஆழமான பகுதிகளில்தான் இந்தச் சேதம் கூடுதல். எழுதுவது, பேசுவது, விழுங்குவது எல்லாம் நுட்பமான அசைவுகள். எழுத்துத்தான் முதலில் கெடும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லமுடியாது. ஆனால் கெட்டால், ஆசிரியர் மேசைக்குத்தான் அது முதலில் வந்து சேரும்.

நோய் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிட்டாலும் செம்பு நிறைவதற்கு வருடங்கள் பிடிக்கும். 5 வயதுக்கு முன் அடையாளம் தெரிவது அரிது. சிறு வயதில் வெளிப்பட்டால் பெரும்பாலும் ஈரலில். நடுக்கமும் பேச்சுக் குழறலும் பதின்மத்திலோ இருபதுகளிலோ. சிலருக்குக் குணமாற்றமும் படிப்பில் பின்னடைவும்தான் முதல் அடையாளம். உலகளவில் ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒருவர் என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வளவு அரிதான நோயை, நாளுக்கு நூறு பிள்ளைகளைப் பார்க்கும் வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் இரண்டு நிமிடத்தில் நினைக்கவில்லையே என்று கோபிப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதில் கோபம் உண்டு. ‘எனக்கு விளங்கவில்லை, வேறிடம் அனுப்புகிறேன்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

வைத்தியத்துறைக்கே இந்த நோயை ஒன்றுசேர்க்க நீண்ட காலம் எடுத்தது. கண்ணின் வளையத்தை 1902இல் கைசர், 1903இல் ஃபிளைஷர் என்ற ஜேர்மனியக் கண் வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். மூளையும் ஈரலும் சேர்ந்து கெடும் நோயை இலண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன் 1912இல் விரிவாக எழுதினார். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது செம்புதான், அதை உடலிலிருந்து எடுத்துப் பார்க்கவேண்டும் என்ற கருத்து உறுதியானது 1948 அளவில், கமிங்ஸ் என்பவரின் ஆய்வுகளோடு. கண் ஓரிடம், ஈரல் ஓரிடம், மூளை ஓரிடம் என்று இருந்தவை ஒரே மேசைக்கு வர அரை நூற்றாண்டு சென்றிருக்கிறது. அதுவரை இந்நோய் வந்தவர்கள் இறந்தார்கள்.

முதல் குளிசை வந்தது 1956இல். ஜோன் வோல்ஷ் என்ற ஆங்கிலேய வைத்தியர், பெனிசிலின் ஏற்றப்பட்ட நோயாளிகளின் சிறுநீரில் முன்பொருமுறை ஒரு பொருளைக் கண்டிருந்தார். வில்சன் நோயாளி ஒருவரைப் பார்க்க நேர்ந்தபோது, அந்தப் பொருளின் அமைப்பு செம்பைப் பற்றிப்பிடிக்கக் கூடியதாயிற்றே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறருக்குக் கொடுக்குமுன் தானே விழுங்கிப் பார்த்தார். அதுதான் பெனிசிலமின். இன்றும் பாவனையில் உள்ளது; எங்கள் பிள்ளை குடிப்பதும் அதைத்தான். அது செம்பைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே கொண்டுபோகிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ட்ரையன்டின் என்ற மருந்து உண்டு. நாகம் கலந்த குளிசையும் உண்டு, அது குடல் செம்பை உறிஞ்சாமல் தடுக்கும்.

சோதனைகளைப் பற்றி ஒரு விடயம் சொல்லவேண்டும், ஏனெனில் அதில் நாங்களே தடுமாறினோம். பிள்ளையின் இரத்த ரிப்போட் வந்தபோது, செருலோபிளாஸ்மின் ஒரு டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய இடத்தில் 6 இருந்தது. இரத்தத்தில் மொத்தச் செம்பும் குறைவு என்றிருந்தது. வீட்டில் படித்த மாமா ஒருவர், “செம்பு குறைவெண்டுதானே போட்டிருக்கு, கூட்டத்தானே வேணும்?” என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. இரத்தத்தில் ஓடும் செம்பின் பெரும்பகுதி அந்தப் புரதத்தில் ஏறித்தான் ஓடுகிறது. வண்டியே இல்லாதபோது தெருவில் சரக்கைக் காணமுடியாது, களஞ்சியத்திலோ மூட்டை வெடிக்கிற அளவு நிறைந்திருக்கும். களஞ்சியத்தை அறிய 24 மணிநேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஆய்வுகூடம் தருகிற போத்தலில்தான் சேர்க்கவேண்டும். வீட்டுப் பாத்திரம் பட்டால் கணக்குப் பிழைத்துவிடும். 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் நோய்க்குப் பலமான சாட்சி. இவளுக்கு 300ஐயும் தாண்டியிருந்தது. ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கமாட்டார்கள். செருலோபிளாஸ்மின் சில நோயாளிகளில் சரியான அளவில் இருக்கலாம், நோயே இல்லாத சிலரில் குறைந்தும் இருக்கலாம். கண் வளையமும் அப்படித்தான்: நரம்பு அறிகுறி வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும், ஈரல் மட்டும் கெட்டிருப்பவர்களில் பாதிப்பேரளவில்தான் இருக்கும். தேவைப்பட்டால் ஈரலில் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் செம்பை அளப்பார்கள்.

இப்போது அந்தச் செம்புத் தண்ணீர். விடயம் தெரிந்த அன்று உம்மா செய்த முதல் வேலை அந்தச் செம்பைக் கிணற்றடியில் எறிந்ததுதான். ஓதிக் கொடுத்தவரும் கேள்விப்பட்டு ஓடிவந்து அழுதார். வைத்தியர் இருவருக்கும் சொன்னார்: பத்து நாள் குடித்த தண்ணீரால் வந்த நோய் இல்லை இது, 13 வருடமாகச் சேர்ந்தது. ஆனாலும் இனிச் செப்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் வேண்டாம். ஈரல், நண்டு, கணவாய், மட்டி, கஜு, சொக்லட், காளான் போன்றவற்றைத் தவிர்க்கவேண்டும், குறிப்பாக முதல் வருடத்தில். எங்கள் ஊரில் ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பான் இறைச்சியில் முதலில் அடுப்பேறுவது ஈரல்தான். அந்த வருடம் அந்த வீட்டில் ஏறவில்லை. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இந்நோயைச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மருந்து வாழ்நாள் முழுக்கத் தேவை. சுகமாகிவிட்டதென்று நிறுத்தியவர்களில் ஈரல் திடீரென்று செயலிழந்து மரணம் வரை போனவர்கள் உண்டு. ஆரம்ப மாதங்களில் நரம்பு அறிகுறிகள் சிலருக்கு மோசமாகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். இவளுக்கும் அப்படி ஆனது. “குளிசை ஒத்துவரல்ல, நிப்பாட்டுவம்” என்று வீட்டில் எழுந்த பேச்சை வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் அடக்கினோம்.

குளிசையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்போ இரண்டு மணிநேரம் பின்போ வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும். றமழான் வந்ததும் பிள்ளை நோன்பு பிடிக்கவேண்டுமென்று அடம்பிடித்தாள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்றாலும் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் தண்ணீர் குடிப்பது 14 வயதில் எவ்வளவு கஷ்டம்! வேளைகளை மாற்றலாமா என்பதை வைத்தியரிடம் கேட்கவேண்டும், நாமாக மாற்றக்கூடாது. அவளது வைத்தியர் அந்த வருடம் கூடாதென்றார். அவளை அந்த மௌலவிதான் உட்காரவைத்துப் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. நோய் நிர்ணயம் ஆனதும் வைத்தியர், மற்ற இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவாருங்கள் என்றார். உம்மா மறுத்துவிட்டார். தம்பிக்கு 7 வயது, தெருவெல்லாம் ஓடித்திரிகிற பிள்ளை. “சுகமா இருக்கிற புள்ளைக்கு ஏன் ஊசி குத்துவான்?” மூத்தவளுக்கு 17 வயது, கலியாணப் பேச்சு ஒன்று காதில் விழுந்துகொண்டிருந்தது. பரம்பரை நோய் என்ற சொல் வாசலைத் தாண்டிப் போய்விடக்கூடாதென்ற பயம். மாமியார் வேறு, எங்கள் பக்கத்தில் இப்படி இல்லை, உங்கள் பக்கத்தால் வந்ததுதான் என்று சொல்லியிருந்தார்.

இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் இது வரும். இது பின்னிடைவான நோய். ஒரு பிரதி மட்டும் பழுதானவரைக் காவி என்பார்கள். அவருக்கு எந்த நோயும் இல்லை, மருந்தும் தேவையில்லை. ஏறத்தாழ 90 பேருக்கு ஒருவர் இப்படிக் காவியாக இருக்கிறார் என்பது வழக்கமான மதிப்பீடு. தனக்குத் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார். காவிகள் இருவர் மணம் முடித்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, காவியாக நாலில் இரண்டு, எதுவும் இல்லாமலிருக்க நாலில் ஒன்று. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் மற்றவர்கள் தப்பிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சொந்தத்துக்குள் முடிக்கும்போது, ஒரே மூத்தப்பாவின் அல்லது மூத்தம்மாவின் பழுதான பிரதி இரு பக்கத்தாலும் இறங்கி வந்து சந்திக்கும் சந்தர்ப்பம் கூடுகிறது. இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரில், பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்கள் பலவற்றையும் உள்ளடக்கிச் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் கோளாறுகள் பொதுவில் 100க்கு 3 அளவிலிருந்து நெருங்கிய சொந்தத்துக்குள் 6 அளவுக்கு உயர்ந்திருந்தன. இரட்டிப்பு என்பது சிறிய விடயமல்ல. அதேவேளை 94 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்பதும் அதே கணக்குத்தான். மச்சான் மச்சியை முடிப்பதை ஹறாம் போலப் பேசுவதும், அதில் ஒன்றுமே இல்லை என்று வைத்தியரிடம் மறைப்பதும் எனக்கு ஒரே அளவுக்குப் பிழையாகவே படுகின்றன. ‘நீங்கள் சொந்தமா’ என்று வைத்தியர் கேட்பது மானத்தை வாங்குவதற்கல்ல. அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைத்ததால்தான் அன்று அந்த டோர்ச் வெளியே வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கட்டாரிலிருந்து வாப்பா பேசினார். பிள்ளைகள் இருவருக்கும் சோதனை செய்யாவிட்டால் தான் வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். மூத்தவளுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு இருந்தது. கண்ணில் வளையம் இல்லை, கை நடுக்கம் இல்லை, ஈரல் நொதியங்கள் மட்டும் கூடியிருந்தன. செம்பு ஈரலைத் தாண்டுமுன்னர் பிடிபட்டுவிட்டது. நாகக் குளிசை குடித்துக்கொண்டு இப்போதும் தெருவெல்லாம்தான் ஓடுகிறான். குடிக்கிற மட்டும் அவனுக்கு மற்றப் பிள்ளைகளைப் போன்ற ஆயுள் உண்டு என்றார் வைத்தியர். ராத்தாவுக்கு 14 மாதம் பிந்தியது, இவனுக்கு 3 வாரம்தான் பிந்தியது.

இவள் இப்போது தரம் 10. சோறு தானே அள்ளிச் சாப்பிடுகிறாள். எச்சில் நின்றுவிட்டது, பேச்சு மெதுவானாலும் விளங்குகிறது. ஓதும்போது ‘ழாத்’ இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கிறது, இரண்டு கோட்டுக்கு ஒரு வரி. பரீட்சையில் மேலதிக நேரத்துக்கு வைத்தியச் சான்றிதழோடு அதிபர் மூலம் விண்ணப்பித்திருக்கிறோம். பழைய எழுத்து திரும்புமா என்று வைத்தியரிடம் கேட்டேன். மூளையில் ஆறக்கூடியது ஆறும், இரண்டு வருடம் வரை பார்க்கலாம், முழுவதும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றார்.

அந்த ஐந்து கொப்பிகளும் அவரிடம்தான் இருக்கின்றன. பயிற்சிக்கு வரும் வைத்திய மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாமா என்று பிள்ளையிடமே கேட்டார். பெயர் எழுதிய மட்டையைக் கிழித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் எழுதிய சிவப்புக் குறிப்புகளையும் வெள்ளை மை பூசி மறைத்துத் தரட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் டீச்சர், திகதி அவற்றில்தான் இருக்கிறது என்றார் வைத்தியர்.